முப்பத்தெட்டு ஜோடிகளைப் பிரித்த கதை

புத்தகம் படித்துச் சேர்த்த அறிவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துபோகிற விஷயத்தைக்கூடக் கேட்க விடாது. இருபத்து நான்கு வயதில் என்னிடம் அந்த அறிவு நிரம்பி வழிந்தது. வழிந்த இடம் பாபநாசம் மெயின் ரோடு. அதில் வழுக்கி விழுந்தவர்கள் மூன்று பேர்: பேக்கரி வைக்கவிருந்த காதர் பாய், தச்சர் செல்வராஜ் அண்ணன், அப்புறம் நான்.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்தெட்டு ஜோடிகளை ஒரே மத்தியானத்தில் பிரித்துவைத்த பாவி நான்தான். அதில் ஒருவருக்கு இரண்டு மனைவி.

அப்போதுதான் கட்டடக்கலை படித்து முடித்துவிட்டு ஊருக்கு வந்து, ஓர் உரக்கடையின் மாடியில் அலுவலகம் திறந்திருந்தேன். வாசல் பலகையில் 'தேன்மொழி, கட்டடக் கலைஞர்' என்று அழகாக எழுதி வைத்தேன். அதை யாரும் படிக்கவில்லை. எல்லாருக்கும் நான் இஞ்சினியரம்மாதான். முதல் நான்கு மாதங்களில் நான் படைத்தவை ஒரு கழிப்பறையும் ஒரு காம்பவுண்டு சுவரும். (சுவர் எங்கள் சித்தப்பாவுடையது. அது இப்போது இல்லை, அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

அந்த நேரத்தில்தான் காதர் பாய் படியேறி வந்தார். பதினோரு வருடம் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், ஓர் உணவகத்தின் சமையல்கட்டில் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று திரும்பி வந்தவர். மெயின் ரோட்டில் பேக்கரிக்காகக் கட்டடம் எழுப்பி முடித்திருந்தார். முகப்பு மட்டும் பாக்கி. உட்காரக்கூட இல்லை, போனை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இந்த மாதிரி வேணும்மா."

படத்தில் ஒரு பழைய டவுன் வீடு. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச் சட்டங்கள் நெடுக்கிலும் குறுக்கிலும் பெருக்கல் குறியாகவும் ஓடின. கீழ்த்தளத்தைவிட நடுத்தளம் ஓரடி முன்னால் வந்து தெருவை எட்டிப் பார்த்தது. மேல்தளம் அதற்கும் ஓரடி முன்னால். உச்சியில் முக்கோணமாக ஒரு முகடு, அதற்குள் ஒரு குட்டி ஜன்னல். மொத்த வீடும் இடப்பக்கத்து வீட்டின் மேல் சாய்ந்திருந்தது. (பாய்க்கு போட்டோ பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.)

"இந்த வீட்டுலதான் இருந்தேன்" என்றார்.

"இவ்வளவு பெரிய வீட்டிலயா பாய்?"

"இந்த வீட்டுலதான்." அதற்குமேல் அவர் விளக்கவில்லை. போனை வாங்கித் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஷம்சாத்துக்கு ரெண்டு தடவ விசா குடுக்கல. நீங்க இருக்கற வீட்ட ஒரு தடவ பாத்துட்டா போதும்னு பதினோரு வருஷமா கேட்டுச்சு. போன்ல காட்டுனா, போட்டோவப் பாக்கறது ஒரு பார்வையாங்கும். அது அங்க வர முடியல. வீட்ட இங்க கொண்டாந்துடலாம்னு பாக்கறேன்."

ஷம்சாத் அவர் மனைவி. திருவாரூரில் மகள் வீட்டில் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். அடுத்த மாதம் நான்காவது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடைத் திறப்பு. அன்றைக்குத்தான் அவர் திரும்பி வருகிறார். அதுவரை அவருக்கு எதுவும் தெரியக் கூடாது. வண்டியை விட்டு இறங்கியதும் அந்த வீடு எதிரே நிற்க வேண்டும். பாய் கேட்டது இவ்வளவுதான்.

"இதெல்லாம் ஒண்ணுமே இல்ல பாய்" என்றேன். அப்படி ஒரு வீட்டைப் பற்றிப் பரீட்சைக்கு முந்தைய நாள் புத்தகத்தில் ஒருமுறை புரட்டியதோடு சரி.

அவர் போனதும் ஒரு வாரம் விழுந்து விழுந்து படித்தேன். ஈர ஓக் மரத்தை அறுத்துத் தூணும் உத்தரமுமாகச் சட்டம் கட்டுவார்கள். ஆணி கிடையாது. ஒரு மரத்தின் நுனியை நாக்குபோலச் செதுக்கி, இன்னொன்றில் போட்ட துளைக்குள் செருகி, குறுக்கே மரமுளை அடிப்பார்கள். சட்டங்களுக்கு நடுவே மெல்லிய மிலாறுக் குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்து அப்புவார்கள். இதை என் அம்மாவுக்குப் பெருமையாக விளக்கினேன். "அது நம்ம மாட்டுக் கொட்டாய் செவரு இல்லடி? அதுக்கா இவ்வளவு படிச்ச?" என்றாள் அம்மா.

புத்தகத்தின் இன்னொரு பக்கத்தில் ஒரு செய்தி இருந்தது. அந்தக் காலத் தச்சர்கள் முழுச் சட்டத்தையும் தங்கள் பட்டறையில் தரையில் படுக்கவைத்துச் சேர்த்துப் பார்ப்பார்களாம். பிறகு பிரித்து, வண்டியில் ஏற்றி, வீடு கட்டும் இடத்தில் மறுபடி எழுப்புவார்களாம். எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று தெரிவதற்காக, சேர்கிற இரண்டு மரத்திலும் ஒரே அடையாளத்தைக் கீறி வைப்பார்களாம், ரோமன் எண்களில். ரசித்துப் படித்தேன். மஞ்சள் பேனாவால் அடிக்கோடு போட்டேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

பிறகு படம் வரைந்தேன். பாயின் போட்டோவில் கோணலாக இருந்த கோடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் நேராக்கினேன். மூன்று தளத்தை இரண்டாக்கி, பின்னாலிருக்கும் செங்கல் சுவரில் போல்ட்டு போட்டு மாட்டுகிற மரச்சட்டமாக மாற்றினேன். இதை யார் செய்வார்கள் என்று விசாரித்ததில், பேராவூரணி பக்கம் செல்வராஜ் என்று ஒருவர் பேர் அடிபட்டது.

செல்வராஜ் அண்ணன் படத்தை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு ஓக்குன்னு ஒரு மரம்ண்ணே" என்று ஆரம்பித்தேன்.

"எங்க ஊருல ஓக்குன்னா தென்னைதாங்க" என்றார். புயலில் விழுந்த வயதான மரங்களை அறுத்து அடுக்கி வைத்திருந்தார். வெளிவயிரம் இரும்பு மாதிரி இருந்தது. சரி என்றேன்.

இடையில் ஒருமுறை கோப்போடு போய், இங்கிலாந்துத் தச்சர்கள் தரையில் படுக்கவைத்துச் சேர்ப்பதை அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். "அப்படிங்களா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவர் உட்கார்ந்திருந்ததே அப்படிப் படுக்கவைத்த சட்டத்தின் மேல்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

திறப்புக்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, பிரித்த மரங்கள் டெம்போவில் வந்து கடை வாசலில் இறங்கின. "வியாழக்கெழம காலைல வந்து ஏத்திடறேங்க. தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து" என்று கிளம்பிய செல்வராஜ் அண்ணன், போகும்போது ஒன்று சொன்னார். "அதுவரைக்கும் கட்ட மேல யாரும் கைய வைக்காம பாத்துக்கங்க." யாராவது திருடிவிடுவார்கள் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மரங்களைப் பார்வையிடப் போனவள் திகைத்து நின்றுவிட்டேன். ஒவ்வொரு மரத்தின் நுனியிலும் வெள்ளைப் பெயிண்டில் பேர்கள். 'கலியமூர்த்தி – செண்பகம்.' 'கோவிந்தராசு – லலிதா.' 'நடேசன் – பாப்பாத்தி.' பெரிய நடுத்தூணின் வலப்பக்கம் 'பன்னீர் – மல்லிகா' என்று இருந்தது. அதே தூணின் இடப்பக்கம் 'பன்னீர் – கமலா'.

கோயில் தூணிலும் கோட்டைச் சுவரிலும் காதலி பேரைக் கிறுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கல்லூரியில் அதை எதிர்த்து ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். இப்போது என் முதல் கட்டடத்திலேயே கைவைத்துவிட்டார்கள். கடைக்கு எதிரே பஸ் நிறுத்தம். அங்கே கல்லூரிப் பையன்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். வேறு யார் செய்திருக்க முடியும்? அதிலும் அந்தப் பன்னீரை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே நாளில், ஒரே தூணில், இரண்டு பெண்கள்.

ரோட்டைக் கடந்து போய் நின்றேன்.

"இங்க பன்னீர் யாரு?"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிழற்குடைக்குள்ளிருந்து, மஞ்சள் பையோடு அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "நாந்தாம்மா. என்ன வேணும்?"

நான் அவரை விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கோபம் தலைக்கேறியவளுக்கு வயது கண்ணில் படுமா? "மல்லிகாவ உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "கமலாவையும்?"

நிழற்குடை முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. "எனக்கு அப்படி யாரையும் தெரியாதும்மா" என்று சொல்லிக்கொண்டே, வந்து நின்ற முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். அது அவர் போகவேண்டிய பஸ்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

பையன்களுக்குத் தமிழர் கலைச் செல்வம் பற்றி ஒரு சொற்பொழிவு நடத்தினேன். ஒருவன் மட்டும் பணிவாகக் கையைத் தூக்கினான். "அக்கா, எங்க கிளாஸ்ல செண்பகம், பாப்பாத்தின்னெல்லாம் யாரும் இல்லீங்க. எங்க அம்மா கிளாஸ்ல வேணா இருந்திருப்பாங்க."

கடவுள் எனக்கு அனுப்பிய கடைசி எச்சரிக்கை அது. நான் காதில் வாங்கவில்லை. பெயிண்டர் இரண்டு பேரைக் கூப்பிட்டு, உப்புத்தாளால் எல்லாப் பேரையும் ஒன்று விடாமல் தேய்க்கச் சொன்னேன். தேய்த்த கையோடு கறுப்புப் பெயிண்டையும் அடிக்கச் சொன்னேன். எப்படியும் அடிக்கவேண்டியதுதானே, ஒரு நாள் மிச்சம். சாயங்காலம் பார்த்தால் ஒவ்வொரு மரமும் பளபளவென்று, ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாமல் கிடந்தது. அம்மாவிடம் போய் என் சாமர்த்தியத்தைச் சொல்லிவிட்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வியாழன் காலை செல்வராஜ் அண்ணன் நான்கு ஆட்களோடு வந்தார். ஒரு கட்டையைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். பிறகு எல்லாவற்றையும் வேகவேகமாகப் புரட்டினார்.

"பேருல்லாம் எங்கங்க?"

"அத ஏண்ணே கேக்கறீங்க. பஸ் ஸ்டாப் பசங்க கிறுக்கி வச்சிருந்தானுங்க. நல்லா டோஸ் விட்டுட்டு, எல்லாத்தையும் அழிச்சாச்சு."

செல்வராஜ் அண்ணன் மெதுவாக அந்த மரக்குவியலின் மேல் உட்கார்ந்தார். தலையிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அது நான் எழுதுனதுங்க" என்றார்.

"நீங்களா?" என்றேன்.

"நம்பர் போட்டா ஆறும் ஒம்பதும் தலைகீழாப் போயிடும். பேரு எப்படிப் புரட்டுனாலும் பேருதான். சேந்து இருக்கவேண்டிய ரெண்டு கட்டைக்கும் ஒரு புருஷன் பொஞ்சாதி பேர எழுதிடுவேன். எங்க ஊருல முப்பத்தெட்டு ஜோடிய எழுதுனேன்."

"அப்ப பன்னீரு?"

"எங்க பெரியப்பா. நடுத்தூணுக்கு ரெண்டு பக்கமும் சேர்மானம் வருது. ஊருல ரெண்டு சம்சாரம் அவருக்குத்தான்."

கீறி வைத்த ரோமன் எண்களைப் பற்றி ஊரெல்லாம் பேசியவள் நான். மஞ்சள் அடிக்கோடு போட்டவள் நான். அதே அடையாளம் பாப்பாத்தி என்ற பேரில் என் காலடியில் கிடந்தபோது, ஆள்வைத்துத் தேய்த்தவளும் நான். பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று எதிர்பார்த்தேன். மெயின் ரோடு தார் போட்டது, பிளக்கவில்லை.

ஒவ்வொரு நாக்கும் அதனதன் துளைக்கென்றே அளந்து செதுக்கியது, மாற்றிச் செருக முடியாது. எந்தக் கட்டை எது என்று இனி போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலை ஆரம்பித்தது. நான்கு பேர் ஓர் உத்தரத்தைத் தூக்குவார்கள், வரிசையாகத் துளை துளையாகக் கொண்டுபோவார்கள். "இது நடேசன் மாமா இல்ல. நடேசன் மாமா கொஞ்சம் தடிமன்." "லலிதா அக்காவுக்கு ஓரத்துல ஒரு கீறல் இருக்கும், தடவிப் பாரு." பெயிண்ட் பூசி ஊறிப்போன இடத்தில் எந்த மாப்பிள்ளையும் எந்தப் பெண்ணோடும் ஒட்டமாட்டேன் என்றார். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தூக்கினேன். எதிரே பஸ்ஸுக்கு நின்ற பையன்களில் ஒருவன், "பன்னீர் கெடச்சாராக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எனக்கு அது வேண்டியதுதான்.

மத்தியானம் காதர் பாய் வந்தார். நானே சொல்லிவிடுவது நல்லது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "நாளைக்கு நிக்குமாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஷம்சாத் அக்காவிடம் அன்று காலைதான், உனக்கு ஒன்று காட்டப்போகிறேன் என்று வாய்விட்டிருக்கிறார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "நிக்கும் பாய்" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

வெளிச்சம் இருந்தவரை வியாழக்கிழமையும், விடிந்ததிலிருந்து வெள்ளிக்கிழமையும் போராடியதில் இருபத்தொன்பது ஜோடிகள் சேர்ந்தன. பாக்கி ஒன்பது ஜோடிகளின் சொந்தத் துணை கடைசிவரை அகப்படவில்லை. கிடைத்தவரோடு குடித்தனம் நடத்துங்கள் என்று அடித்து இறுக்கி, இடைவெளியில் ஆப்பு செருகினார் செல்வராஜ் அண்ணன். கட்டை ஏறிவிட்டது. ஆனால் நேராக ஏறவில்லை. நடு உத்தரம் தொய்ந்து, மேல்தளம் முழுவதும் இடப்பக்கம் சாய்ந்து, முகடு அதே ரோட்டில் இருந்த என் உரக்கடையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஒரு கோடுகூட என் படத்தில் இருந்தபடி இல்லை.

"விழுந்துடாதேண்ணே?"

"விழாதுங்க. பின்னாடி செவத்துல போல்ட்டுதான் புடிச்சிருக்கு. பாக்கத்தான் அப்படி."

பார்ப்பதற்காகவே கட்டியது அது. வெள்ளைச் சுவரில் கறுப்புப் பெருக்கல் குறிகளைப் பார்த்துவிட்டு, சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "ரோட்டுக்கு இடிக்கப்போறாங்களா? மார்க் பண்ணிட்டாங்களே" என்று அனுதாபமாக விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது.

ஜும்ஆ முடிந்து கூட்டம் சேர்ந்தது. திருவாரூரிலிருந்து வண்டி வந்து நின்றது. ஷம்சாத் அக்கா இறங்கினார். கைக்குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து பார்த்தார். நான் செல்வராஜ் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"இதா?" என்றார்.

"இதான்" என்றார் பாய்.

"இவ்வளவு கோணலாவா இருக்கும்?"

"இதவிடக் கோணல். ஈர மரத்துல கட்டி, காயக் காயத் திருகிக்கிட்டதாம். மொதலாளி சொல்லுவாரு."

போட்டோவில் கோணல் இல்லை, வீடே அப்படித்தான். ஈர மரம் என்று நானும் படித்திருந்தேன். காய்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. மூச்சு வந்தது எனக்கு. தப்பித்தோம் என்று செல்வராஜ் அண்ணனின் முதுகை விட்டு வெளியே வந்தேன்.

"இதுல நீங்க இருந்தது எது?"

பாய் கீழிருந்து ஆரம்பித்தார். "கீழ ஓட்டல். நடுவுல மொதலாளி குடும்பம்" என்றார். பிறகு கையைத் தூக்கி, உச்சியிலிருந்த முக்கோணத்தைக் காட்டினார். நான் சும்மா அழகுக்கு என்று நினைத்து வரைந்த இடம் அது. அதற்குள் ஓர் ஆள் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படத்தில் இடம் போதவில்லை என்று அதைக் கொஞ்சம் சுருக்கிக்கூட இருந்தேன்.

"அதுல நிக்க முடியுமா?"

"உத்தரம் இடிக்கும். படுக்கத்தானே அது."

"பதினோரு வருஷம் குனிஞ்சேவா இருந்தீங்க?"

ஷம்சாத் அக்கா அழவில்லை. அந்த வீடு முழுவதும் தன் புருஷனுடையது என்று நினைத்துப் பதினோரு வருடம் அக்கம்பக்கத்தில் பெருமை பேசியவர், அந்த முக்கோணத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, இஞ்சினியர் யார் என்று கேட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அந்த மேல் ரூம மட்டுமாவது கொஞ்சம் ஒசரமாக் கட்டியிருக்கக் கூடாதா?"

ஒரு வாரம் விழுந்து விழுந்து படித்ததில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. "கட்டியிருக்கலாம்க்கா" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பாயை முன்னால் விட்டு உள்ளே போனார்.

கடை இன்றும் ஓடுகிறது. ஊரில் அதற்குக் கோண பேக்கரி என்று பேர். எங்கள் வீட்டில் எனக்குப் பேரழிச்சான் என்று பேர், அம்மா வைத்தது. சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், மண்டபத்து வாசலில் மணமக்கள் பேர்ப்பலகைக்குப் பக்கத்தில் என்னை நிற்க விடமாட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாணமே வந்தது. அன்று காலை பெய்த மழையில், வாசல் பலகையில் ஒட்டியிருந்த தெர்மோகோல் எழுத்தெல்லாம் உதிர்ந்து, மாப்பிள்ளை பேர் மொத்தமாகக் காணாமல் போயிருந்தது. அம்மா மேடைக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். தாலி ஏறின கழுத்தோடு, புது மாமியார் பக்கத்தில் நிற்க, நான் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை: "நான் தொடலம்மா." பந்தி முடிகிறவரை மண்டபம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. இன்றும் என் புகுந்த வீட்டில் ஏதாவது காணவில்லையென்றால் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் காதர் பாயும் ஷம்சாத் அக்காவும் வந்தார்கள். மண்டபத்து வாசல் பன்னிரண்டு அடி இருக்கும், யானை நுழையலாம். பாய் அதைத் தாண்டும்போது தலையைத் தாழ்த்திக் குனிந்து வந்தார். பின்னாலிருந்து ஷம்சாத் அக்காவின் குரல் மேடைவரைக்கும் கேட்டது. "நிமிந்து போங்க. இது நம்ம ஊரு வாசல்."

பாய் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். மேடைக்கு வந்து எங்களை வாழ்த்திவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில் மறுபடியும் குனிந்தார். பின்னாலேயே ஷம்சாத் அக்காவின் குரலும் போயிற்று.